ஆண்டின் பெயர் சொல்லும் சீசா

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. சென்னீர்குப்பத்திலேயே பிறந்து, வளர்ந்து, உழுது, இப்போது ஓய்ந்து உட்கார்ந்திருப்பவர். பூவிருந்தவல்லியை ஒட்டிய இந்த ஊரில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். எங்கு பார்த்தாலும் கிடங்குகள், தொழிற்சாலைகள், அடுக்கு வீடுகள். இரவும் பகலும் லாரிகளின் உறுமல். பெரியவர் வீட்டுத் திண்ணை ஒன்றுதான் பழைய காலத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் திண்ணையை அடுத்த ஜன்னலில் ஒரு கரும்பச்சைச் சீசா இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் கொடி வளர்க்கிறார்கள். சீசாவின் மேல் ஒட்டியிருந்த காகிதம் பாதி உரிந்து போயிற்று. எழுத்துகளும் மங்கிவிட்டன. போர்தோ என்ற ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துகளும், நடுவில் 1961 என்ற எண்ணும் மட்டும் இன்னும் தெரிகின்றன.

பெரியவரின் மைத்துனர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிய ‘சொல்தா’. எப்போதோ ஒரு முறை அவர் கொண்டுவந்த சீசாவாம் இது. “உள்ளே இருந்தது அவருக்கு, சீசா எனக்கு” என்று சொல்லிப் பெரியவர் சிரிப்பார். அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“தம்பி, நீ பத்திரிகையில எழுதுறவன். ஒண்ணு கேக்கறேன். அறுபத்தொண்ணுலதான் நான் மொதமொதலா ஏர் புடிச்சேன். அதனாலேயே இந்தச் சீசா மேல எனக்கு ஒரு பிரியம். மருந்துச் சீசான்னா கெட்டுப்போற தேதி போடுவான். இவன் எதுக்கு வருஷத்தை மட்டும் இவ்வளவு பெரிசா அச்சடிச்சிருக்கான்? அந்த வருஷத்துல அங்க என்ன விசேஷம்?”

“படித்துப் பார்த்துச் சொல்கிறேன், ஐயா” என்று வந்துவிட்டேன். பிரெஞ்சு தேசத்துத் திராட்சைத் தோட்டத்தில் தேடத் தொடங்கியவன், கடைசியில் நம் வீட்டு அரிசி மூட்டையின் முன்னால் வந்து நின்றேன். அந்தக் கதையைத்தான் வாசகர்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை

சென்னீர்குப்பம் என்ற பெயரைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் ‘செந்நீர்’ என்றே காதில் விழும். ஆகவே சிவப்பு ஒயினைப் பற்றி இந்த ஊர்க்காரன் எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் இது குடிக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரை அல்ல. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டும் வந்தது, பிறகு மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. இந்த வரலாற்றின் நடுவில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் போயிற்று என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதை மறந்துவிட்டு மேனாட்டு மதுவின் பெருமை பேசினால் அது பாவம்.

நான் பார்க்க விரும்புவது சீசாவுக்குள் இருந்ததை அல்ல. சீசாவுக்கு மேல் இருந்ததை. அதாவது, ஓர் ஊரின் பெயரையும் ஓர் ஆண்டின் எண்ணையும். உழவன் ஒருவன் தன் விளைபொருளின் மேல் “இது இன்ன மண்ணில், இன்ன ஆண்டில் விளைந்தது” என்று எழுதி உலகத்துக்கு அனுப்புகிறானே, அந்தத் துணிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது?

அந்த ஆண்டு நடந்தது என்ன?

பிரான்சின் தென்மேற்கில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குச் சற்று உள்ளே இருப்பது போர்தோ. அதன் வடக்கே ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகத்தை ஒட்டி மெதோக் என்ற பகுதி நீள்கிறது. நம் கண்ணுக்கு அது நல்ல பூமியாகவே தோன்றாது. எங்கும் கூழாங்கல். நெல்லோ வாழையோ அங்கே பிழைக்காது. ஆனால் அந்தக் கல் தண்ணீரைத் தேங்க விடாமல் வடித்துவிடும்; பகல் வெப்பத்தை வாங்கி வைத்திருந்து இரவில் கொடிக்குக் கொடுக்கும். தண்ணீரைத் தேடி வேர் ஆழத்தில் இறங்கும். அங்கே கொடிக்கு நீர் பாய்ச்சுவதைப் பொதுவாகச் சட்டமே அனுமதிப்பதில்லை. வானம் கொடுத்ததுதான் கணக்கு. ஆகவே அங்கே ஓர் ஆண்டின் சீதோஷ்ணம் அப்படியே பழத்தில் பதிந்துவிடுகிறது.

1961-இல் வசந்தம் முன்னதாகவே வந்துவிட்டது. குளிர் விலகிற்று என்று நம்பிக் கொடிகள் அவசரமாகத் துளிர்த்தன. பிறகு வந்தது சோதனை. மே மாதத்தில் உறைபனி விழுந்தது. பூக்கும் பருவத்தில் குளிர் அடித்துப் பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்தன. மகசூலில் பெரும்பகுதி அப்போதே போயிற்று. தோட்டக்காரர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள் என்பதில் சந்தேகம் என்ன?

ஆனால் அதற்குப் பிறகு வானம் மனம் மாறிற்று. ஆகஸ்டில் மழையே இல்லை. செப்டம்பரில் நல்ல வெயில். கொடியில் எஞ்சியிருந்த கொஞ்சம் குலைகளுக்குக் கொடியின் சத்து முழுவதும் போய்ச் சேர்ந்தது. வறட்சியினால் பழம் பெருக்கவில்லை. சிறுத்து, தோல் தடித்து, சாறு சுண்டி இனித்தது. செப்டம்பர் பிற்பாதியில் அறுத்தார்கள். பீப்பாய்கள் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த பீப்பாய்களில் இருந்தது, இருபதாம் நூற்றாண்டில் போர்தோ கண்ட மிகச் சிறந்த ஒயின்களில் ஒன்று என்று இன்றுவரை பேசப்படுகிறது. பேர்பெற்ற தோட்டத்து 1961 சீசா ஒன்று இன்றும் ஏலத்தில் லட்ச ரூபாய்க் கணக்கில் விலை போகிறது.

சிறிய பழத்துக்கும் சிறந்த ஒயினுக்கும் என்ன சம்பந்தம்? அதற்குச் செய்முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சாறு ஒயினாகும் விதம்

கறுப்புத் திராட்சையைப் பிழிந்து பாருங்கள். சதையிலிருந்து வரும் சாற்றில் ஏறக்குறைய நிறமே இராது. சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. நிறம் மட்டுமல்ல, துவர்ப்பும் அங்கேதான். டானின் என்று அதற்குப் பெயர். நம் வீட்டில் வாழைப்பூவிலும் கடுக்காயிலும் நாக்கைப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்பின் குடும்பந்தான். ஆகவே சிவப்பு ஒயின் செய்கிறவர்கள் சாற்றைத் தனியே பிரிப்பதில்லை. காம்பை நீக்கி, பழத்தை நசுக்கி, தோல், கொட்டை, சாறு எல்லாவற்றையும் ஒன்றாகவே தொட்டியில் கொட்டுகிறார்கள்.

அரைத்து வைத்த இட்லி மாவு இரவில் தானாகப் பொங்குகிறது அல்லவா? அதுபோல் சாறும் பொங்குகிறது. ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. உயிருள்ள ஈஸ்டின் வேலை இது என்று நிறுவியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்; 1866-இல் ஒயினைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். வாயு மேலே கிளம்பும்போது தோல்களையும் தூக்கிக்கொண்டு போகும். அவை மேலே கெட்டியாக ஒரு மூடிபோல் மிதக்கும். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘தொப்பி’ என்கிறார்கள். தொப்பி காய்ந்தால் காரியம் கெட்டுவிடும். ஆகவே அடியிலிருந்து சாற்றை இறைத்து இறைத்துத் தொப்பியின் மேல் ஊற்றுகிறார்கள். இப்படி இரண்டு மூன்று வாரம் ஊறியதில் தோலின் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்குகின்றன.

இப்போது 1961-இன் ரகசியம் புரிந்திருக்கும். பழம் சிறியதாக இருந்தால் சாறு குறைவு. அந்தச் சாற்றின் அளவுக்குத் தோல் அதிகம். ஆகவே நிறம் ஆழம், துவர்ப்பு திடம். பனியும் வறட்சியும் அளவைப் பறித்துக்கொண்டன. சாரத்தைக் கொடுத்துவிட்டுப் போயின.

தொட்டியோடு வேலை முடிவதில்லை. பச்சை மாங்காயில் இருப்பதைப் போன்ற கூரிய புளிப்பு ஒன்று புது ஒயினில் உண்டு. அதை மோரில் இருக்கும் மென்மையான புளிப்பாக வேறொரு வகை நுண்ணுயிர்கள் மாற்ற வேண்டும். முற்காலத்தில் இது நடந்தாலும் நடக்கும், நடக்காவிட்டாலும் இல்லை. இதைக் கட்டுக்குள் கொண்டுவரும் வழியைத் தோட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் போர்தோவைச் சேர்ந்த பேராசிரியர் எமில் பெய்னோ. பிறகு ஒயின் ஓக் மரப் பீப்பாய்க்குப் போகிறது. போர்தோ பீப்பாய் 225 லிட்டர். 300 சீசா அளவு. சில மாதத்துக்கு ஒரு முறை தெளிவை இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றி, வண்டலை அகற்றுகிறார்கள். கலங்கல் நீங்க முட்டை வெள்ளைக் கருவைச் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். அது துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். ஒன்றரை அல்லது இரண்டு வருஷம் கழித்தே சீசாவில் அடைக்கிறார்கள்.

காபர்னே சோவின்யோன், மெர்லோ என்று அங்கே கொடிகளில் பல ரகம். முன்னது துவர்ப்பும் கட்டும் கொடுக்கும்; பின்னது மென்மை கொடுக்கும். எந்த ரகம் அந்த ஆண்டில் நன்றாக வந்ததோ அதற்கு ஏற்றபடி கலப்பின் அளவை மாற்றுகிறார்கள். ஆக, மனிதன் கைவேலையும் நிறைய உண்டு. ஆனால் ஆண்டு கொடுக்காததை மனிதன் கொடுத்துவிட முடியாது.

திடமான ஆண்டின் ஒயின் இளமையில் முரட்டுப் பிள்ளை. வாயில் வைத்தால் துவர்ப்பு பிடித்து இழுக்கும். சீசாவுக்குள் பத்து, இருபது, முப்பது வருஷம் கிடக்கும்போது அந்தத் துவர்ப்பு ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து வண்டலாக இறங்குகிறது. கருஞ்சிவப்பு செங்கல் நிறமாகிறது. முரட்டுத்தனம் போய்ப் பக்குவம் வருகிறது. பழைய புளியின் நிறமும் குணமும் மாறுவதை அறிந்த நம் பாட்டிமார்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

பெயரைக் காத்த கதை

இத்தனை பக்குவமும் இருந்து என்ன பயன், சீசாவில் இருப்பது அந்த ஊர்ப் பொருள்தான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால்? அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல.

1855-இல் பாரிஸில் நடந்த பெரிய பொருட்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், போர்தோ தரகர்கள் மெதோக் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். பெரும்பாலும் அவை அதுவரை விற்ற விலையே அளவுகோல். அந்தப் பட்டியல் இன்றும் செல்லுகிறது. அதில் முதல் தரத்துக்குப் பிறகு உயர்த்தப்பட்ட தோட்டம் ஒன்றே ஒன்றுதான்: 1973-இல் மூத்தோன் ரோட்சில்ட்.

அந்தத் தோட்டத்தின் உரிமையாளர் பிலிப் தெ ரோட்சில்ட் 1924-இல் செய்த காரியம் இதைவிடப் பெரிது. அதுவரை தோட்டக்காரன் ஒயினைப் பீப்பாயாக வியாபாரியிடம் கொடுத்துவிடுவான். சீசாவில் அடைப்பவர் வியாபாரி. நடுவில் என்ன கலந்தாலும் தோட்டத்தின் பெயர்தான் மேலே நிற்கும். ரோட்சில்ட் தம் அறுவடை முழுவதையும் தம் தோட்டத்திலேயே சீசாவில் அடைத்து அனுப்பத் தொடங்கினார். விளைத்தவன் கையாலேயே முத்திரை விழுந்தது. 1935-இல் பிரெஞ்சு அரசாங்கம் சட்டம் செய்து, எந்த ஊர் எல்லைக்குள் எந்த ரகக் கொடியை எப்படி வளர்த்தால் அந்த ஊர்ப் பெயரைப் போடலாம் என்று வரையறுத்தது.

அதனால் அங்கே எல்லோரும் அரிச்சந்திரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1973-இல், வேறு பிரதேசத்து மட்ட ஒயினைப் போர்தோ என்று ஆவணம் மாற்றி விற்ற மோசடி வெளிப்பட்டு, வியாபாரிகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். ஆனால் அங்கே மோசடியைப் பிடிக்க முடிந்தது. காரணம், பெயர் என்ற ஒன்று இருந்தது. பெயரே இல்லாத பொருளில் கலப்படம் செய்தால் எதைக் கொண்டு பிடிப்பது?

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் நல்ல ஆண்டை மட்டும் எழுதிக்கொண்டு கெட்ட ஆண்டை மறைத்துவிடவில்லை. 1963, 1965, 1968 ஆகியவை மழையால் கெட்ட ஆண்டுகள். அந்தச் சீசாக்களிலும் அந்தந்த ஆண்டே அச்சிடப்பட்டது. வாங்குகிறவன் தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கினான். மறுபுறம் 1982 ஏராளமாகவும் நன்றாகவும் விளைந்த ஆண்டு. ஆகவே குறைந்த விளைச்சல்தான் நல்ல விளைச்சல் என்று விதி ஒன்றும் இல்லை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு குணம். அதை உள்ளபடி சொல்வதுதான் விதி.

இந்தப் பெயர் மோகம் அளவு கடந்து போவதும் உண்டு. சீசாவைத் திறக்காமலேயே பங்குப் பத்திரம்போல் வாங்கி விற்கும் பணக்கார விளையாட்டு அங்கே நடக்கிறது. அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பின்பற்ற வேண்டியது, மண்ணுக்கும் ஆண்டுக்கும் அவர்கள் கொடுத்த மரியாதையை.

நம்மிடம் இல்லாததா?

ஒயின் நமக்குப் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்திக் கொடுத்ததைப் புறநானூறு பேசுகிறது. 1945-இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதே 1945-ஆம் ஆண்டு போர்தோவில் இன்னொரு மகத்தான விளைச்சல் ஆண்டு. யுத்தம் முடிந்த மகிழ்ச்சியில் மூத்தோன் தோட்டத்துச் சீசாவில் வெற்றியைக் குறிக்கும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் பொறித்தார்கள்.

திராட்சையும் நமக்குப் புதிதல்ல. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சையைச் சென்னைத் தெருக்களில் தள்ளுவண்டியில் பார்க்கிறோம். திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்றும் சொல்வார்கள். 2023-இல் ‘கம்பம் பன்னீர்த் திராட்சை’ புவிசார் குறியீடு பெற்றது. ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. மகிழ வேண்டிய செய்தி. அங்கே குளிர்காலத்தில் கொடி தூங்குவதில்லை. கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி மாற்றி வருஷம் முழுவதும் அறுக்கிறார்கள். ஆகவே போர்தோவைப்போல் ஆண்டுக்கு ஒரே அறுவடை என்ற பேச்சு அங்கே பொருந்தாது. நம் நாட்டில் ஒயின் திராட்சைக்குப் பேர்போனது மகாராஷ்டிரத்து நாசிக். அதன் ஒயின் 2010-இலேயே குறியீடு பெற்றுவிட்டது.

ஆனால் நான் பேச வந்தது திராட்சையை அல்ல. ஆண்டறிந்து உண்ணும் பழக்கம் நம் சமையலறையிலேயே இருந்தது. பழைய அரிசி என்றால் ஒரு விலை, புது அரிசி என்றால் ஒரு விலை. பொங்கலுக்குப் புது அரிசி. விருந்துச் சோற்றுக்குப் பழைய அரிசி. புது அரிசி குழையும், பழையது உதிரும் என்று சின்னப் பெண்ணுக்கும் தெரியும். குழம்புக்கு எந்தப் புளி, ரசத்துக்கு எந்தப் புளி என்பதிலே குடும்பச் சண்டையே நடக்கும். நம் நாக்குக்கு ஆண்டு தெரியும். நம் மூட்டைக்குத்தான் தெரியாது.

இதைப் பரீட்சை செய்ய எங்கள் தெரு முனை மளிகைக் கடைக்குப் போனேன். “அண்ணாச்சி, இந்த அரிசி எந்த ஊரில், எந்த வருஷம் விளைந்தது?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஆலையின் பெயர் இருந்தது; யானையின் படம் இருந்தது; மூட்டை கட்டிய மாதமும் இருந்தது. விளைந்த ஊர் இல்லை. விளைந்த ஆண்டு இல்லை. விளைத்தவனின் வாடையே இல்லை.

“வருஷத்தைப் போட்டா, பழசுன்னு ஒருத்தரும் வாங்க மாட்டாங்க தம்பி” என்றார் அண்ணாச்சி.

நியாயமான ஆட்சேபம்போல் தோன்றுகிறது. ஆனால் அதே அண்ணாச்சி அடுத்த நிமிஷமே, “இது நல்லாப் பழுத்த அரிசி, கிலோவுக்கு நாலு ரூபா கூட” என்று வேறொரு மூட்டையைக் காட்டினார். வாயால் சொல்லி விலை வாங்குவதைக் காகிதத்தில் எழுதினால் என்ன? எழுதாத வரையில் ‘பழசு’ என்பது கடைக்காரர் வாக்கு. அந்த நாலு ரூபாய் கடையோடும் ஆலையோடும் நின்றுவிடும். எழுதிவிட்டால் அதில் உழவனும் பங்கு கேட்கலாம்.

எங்கள் ஆண்டுகள்

ஆண்டை எழுதுவதால் வேறொரு லாபமும் உண்டு. பிரான்சில் போன் என்ற ஊரின் திராட்சை அறுவடை நாட்களை 1354 முதல் பழைய கணக்கேடுகளிலிருந்து தொகுத்திருக்கிறார்கள். 1988-க்குப் பிறகு அங்கே அறுவடை முன்காலத்தைவிடச் சராசரியாக 13 நாள் முன்னதாக வந்துவிடுகிறது என்று 2019-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். பூமி சூடேறுவதற்கு அறுநூறு வருஷத்துக் கணக்குப் புத்தகமே சாட்சி சொல்லுகிறது.

நம் பக்கத்தில் என்ன சாட்சி இருக்கிறது? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு பொங்கியதைச் சென்னை மறக்காது. நாலே வருஷத்தில், 2019 கோடையில், அதே ஏரி வெடித்துக் கிடந்தது. குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தோம். எங்களுக்கும் ஆண்டுகளுக்குக் குணம் உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த ஆண்டுகளில் வயல் என்ன ஆயிற்று, நெல் எப்படி வந்தது, சோறு எப்படி ருசித்தது என்று எந்த மூட்டையும் சொல்லவில்லை. எழுதாத ஆண்டு மறைந்துபோன ஆண்டு. எழுதாத வயலும் அப்படித்தான். சென்னீர்குப்பத்து நெல்லுக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் வயல் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நகரத்தின் பசி பெரிது. ஆனால் இங்கே நெல் விளைந்ததற்குச் சாட்சியாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். புவிசார் குறியீடு வாங்கியதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. அது ஊரின் பெயரைக் காக்கும் பூட்டு. உள்ளே வைக்கச் சரக்கு வேண்டும். நெல், புளி, மிளகாய், மஞ்சள், வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றை விற்கும் உழவர் கூட்டுறவுகளும் உற்பத்தியாளர் குழுக்களும் மூட்டையின் மேல் மூன்றே செய்திகளை எழுதட்டும்: விளைந்த ஊர், அறுத்த ஆண்டு, ரகத்தின் பெயர். கட்டிய மாதத்தைக் கேட்கிற சட்டம் விளைந்த ஆண்டையும் கேட்கட்டும். மழை கெடுத்த ஆண்டானால் அதையும் மறைக்காமல் விற்கட்டும். முதலில் நாலு பேர் சிரிப்பார்கள். பத்து வருஷத்தில் அந்த ஆண்டைக் கேட்டு வாங்க ஆள் வருவார்கள்.

பெரியவர் சொன்னது

படித்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மறுபடியும் திண்ணைக்குப் போனேன். பனி விழுந்ததையும், பூ உதிர்ந்ததையும், மழை இல்லாத ஆகஸ்டையும், சிறுத்த பழத்தையும், தடித்த தோலையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெரியவர் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளாமைக் கதை அவருக்கு எந்தத் தேசத்தில் நடந்தாலும் ஒன்றுதான்.

கடைசியில் கேட்டார்: “அப்ப, வெள்ளாமை கொறஞ்ச வருஷந்தான் அவனுக்குப் பேர் வாங்கிக் குடுத்துதா?”

“ஆமாம், ஐயா. விலையும் ஏறிற்று. அளவில் போனதைப் பெயரில் கொஞ்சம் மீட்டுக்கொண்டார்கள்.”

அவர் சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயல் இருந்த இடத்தில் ஒரு லாரி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

“எங்களுக்கு வெள்ளாமை கொறஞ்சா கடன்தான் தம்பி. நெல்லு நல்லாயிருந்தாலும் அதே வெலை, மோசமாயிருந்தாலும் அதே வெலை. ஒரு வருஷம் சோறு அப்படி மணக்கும். யாருக்குத் தெரியும்? மூட்டையில கொட்டிட்டா எல்லாம் ஒண்ணுதான்.”

இதற்கு நான் என்ன பதில் சொல்லுவது? நூறு புத்தகம் படித்தாலும் இந்த நாலு வரியில் உள்ள நியாயம் கிடைக்காது. அங்கே குறைந்த விளைச்சலுக்கும் பெயர் கைகொடுத்தது. இங்கே நல்ல விளைச்சலும் பெயரில்லாமல் கரைந்தது. இரண்டு உழவர்களும் ஒரே 1961-இல் மண்ணைத் தொட்டவர்கள். ஒருவனுடைய ஆண்டு சீசாவின் மேல் இருக்கிறது. இன்னொருவருடைய ஆண்டு அவர் நெஞ்சில் மட்டும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நார்த்தங்காய் ஊறுகாயை ஜாடியில் அடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் இருந்தன. ஜாடியைத் துடைத்து, “மாசமும் வருஷமும் எழுதி ஒட்டுடா, அப்புறம் எது பழசு எது புதுசுன்னு தெரியாம போயிடும்” என்றாள்.

எழுதினேன். ஊரின் பெயரையும் சேர்த்தே எழுதினேன்.